தேவாரம் இலவசம்... அதைப் படிக்கும் உங்கள் போன்? திருநாவலூரிலிருந்து ஒரு கேள்வி

உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது திருநாவலூர். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் வரும் ஊர். தேவாரம் பாடிய மூவரில் ஒருவரான சுந்தரர் பிறந்தது இங்கேதான்.

இங்குள்ள பக்தஜனேசுவரர் கோயில் வாசலில் நின்று ஒருவர் போனை எடுத்து, சுந்தரர் இந்த ஊருக்குப் பாடிய பதிகத்தைத் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சில நொடிகளில் பாட்டு வந்துவிடும். காசு கேட்காது. ஆனால் ஒரு ஆப் அவர் எந்த இடத்தில் இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள அனுமதி கேட்கும். இன்னொரு இணையதளம் 'அனைத்தையும் ஏற்கிறேன்' என்று பெரிய பட்டனைக் காட்டும். நாலு வரிக்கு ஒரு விளம்பரம் குறுக்கே வரும்.

பாட்டு யாருடைய சொத்தும் இல்லை. ஆயிரம் ஆண்டைத் தாண்டிய பாட்டு அது. அப்படின்னா, இங்கே விற்கப்படுவது என்ன? வாங்குவது யார்?

சுந்தரரும் ஒரு ஓலையும்

சேக்கிழாரின் பெரியபுராணத்தில் வரும் கதை பலருக்கும் தெரிந்ததுதான். சுந்தரருக்குப் புத்தூரில் கல்யாணம். அந்த நேரம் பார்த்து ஒரு முதியவர் வந்து, இந்தப் பிள்ளை எனக்கு அடிமை, இவனுடைய தாத்தா எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது என்கிறார். சுந்தரர் கோபத்தில் அந்த ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். முதியவர் அசரவில்லை. கிழிந்தது நகல்தான், மூல ஓலை என் ஊரில் பத்திரமாக இருக்கிறது என்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. தாத்தாவின் வேறு கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஓலை செல்லும் என்று தீர்ப்பாகிறது.

வந்தவர் சிவபெருமான் என்பதால் கதை நல்லபடியாக முடிகிறது. போனில் நாம் தட்டும் 'ஏற்கிறேன்' பட்டனுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. மற்றபடி இரண்டு விஷயங்கள் அப்படியே பொருந்துகின்றன. ஆப்பை அழித்தாலும் அது ஏற்கெனவே எடுத்துப்போன தகவலின் பிரதி வேறெங்கோ ஒரு சர்வரில் இருக்கும். எப்போதோ கொடுத்த ஒப்புதல், நாம் மறந்துபோன பிறகும் செல்லும். இந்த இரண்டாவது விஷயம் நாட்டின் புதிய சட்டத்திலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

பூட்டிய அறையிலிருந்து போனுக்கு வந்தது எப்படி?

தேவார ஓலைகள் சிதம்பரத்தில் ஒரு அறையில் பூட்டிக் கிடந்தன என்றும், சோழ மன்னர் முயற்சியில் நம்பியாண்டார் நம்பி அவற்றை மீட்டபோது பெரும்பகுதியைக் கரையான் தின்றிருந்தது என்றும் சைவ மரபு சொல்கிறது. சுந்தரர் பாடல்களில் இன்று கிடைப்பவை 100 பதிகங்கள்.

அந்த அறையை விட்டு வெளியே வந்தது ஒரு கதை என்றால், இணையத்துக்கு வந்தது இன்னொரு கதை. இதில் கம்பெனிகள் கிட்டத்தட்ட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

1998 பொங்கலன்று 'மதுரைத் திட்டம்' தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, உலகின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள் சங்க இலக்கியம், திருமுறை, காப்பியம் என்று ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, இணையத்தில் ஏற்றினார்கள். யாருக்கும் சம்பளம் இல்லை. யூனிகோடு பரவலாகாத காலம் என்பதால், ஒரு எழுத்துருவில் அடித்ததை இன்னொன்றுக்கு மாற்றும் வேலை வேறு.

2001ல் தமிழக அரசு தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது. இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம் அதுதான். அதன் மின்நூலகத்தில் திருமுறைகள் உரையோடு கிடைக்கின்றன. 2007ல் புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் வி.மு. சுப்பிரமணிய ஐயரின் ஆங்கில மொழிபெயர்ப்போடு, ஊர்களின் வரைபடமும் சேர்த்து 'டிஜிட்டல் தேவாரம்' என்ற குறுந்தகட்டை வெளியிட்டன. பிறகு அது இணையத்திலும் வந்தது. 2003ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகள் இருக்கின்றன. அதையும் எழுதியவர்கள் தன்னார்வலர்கள்தான். விளம்பரம் கிடையாது, நன்கொடையில் ஓடுகிறது.

ஆக, நம் போனில் வரும் பதிகத்தைத் தட்டச்சு செய்தது லாபம் பார்க்கிற எந்த நிறுவனமும் இல்லை. லாபம் பிறகுதான் உள்ளே வருகிறது. இலவசமாகக் கிடைத்த அந்த உரையை அப்படியே எடுத்து, அதைச் சுற்றி விளம்பரம் வைத்தால் போதும், ஒரு ஆப் தயார்.

பாரதி பாட்டு யாருக்குச் சொந்தமாக இருந்தது?

எல்லா எழுத்தும் தேவாரம்போல் சும்மா கிடைத்துவிடவில்லை. பாரதியார் 1921ல் இறந்தார். அவர் பாடல்களின் உரிமை பல கை மாறியது. இசைத்தட்டு, சினிமாவுக்கான உரிமை ஏவி.எம். நிறுவனத்திடம் இருந்தது. 1948ல் டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டு ஒன்று வந்ததும் உரிமைப் பிரச்சினை வெடித்தது. பாரதியை நாட்டுடைமையாக்கு என்று எழுத்தாளர்களும் கலைஞர்களும் குரல் கொடுத்தார்கள். 1949ல் சென்னை மாகாண அரசு அந்த உரிமைகளைக் கையகப்படுத்துவதாக அறிவித்தது. மெய்யப்பச் செட்டியார் தன்னிடம் இருந்ததைக் காசு வாங்காமல் கொடுத்தார். பின்னர் பாரதி எழுத்துகள் எல்லாருக்கும் பொதுவாயின.

அன்றைய சட்டப்படி ஒருவர் இறந்து 50 ஆண்டுகள் வரை பதிப்புரிமை இருக்கும். அரசு தலையிடாமல் இருந்திருந்தால் 1971 வரை காத்திருக்க வேண்டியிருக்கும். இப்போது அது 60 ஆண்டுகள். அதனால்தான் தமிழக அரசு எழுத்தாளர் குடும்பத்துக்குப் பரிவுத்தொகை கொடுத்து நாட்டுடைமையாக்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. இதுவரை நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் நூல்கள் இப்படி வந்திருக்கின்றன.

இலக்கியத்துக்கு ஒரு வழி கிடைத்தது. அறிவியலுக்கு?

ஆய்வுக் கட்டுரைகளின் கதை இன்னும் விநோதமானது. கட்டுரையை எழுதுபவர் பேராசிரியர், அவருக்குப் பத்திரிகை பணம் தராது. சரிபார்ப்பவரும் இன்னொரு பேராசிரியர், அவருக்கும் தராது. ஆராய்ச்சிக்குப் பெரும்பாலும் அரசுப் பணம். அச்சானதும் அதே கட்டுரையைப் படிக்க, அதே அரசின் கல்லூரி சந்தா கட்ட வேண்டும். இந்தச் சுவரை உடைத்து கட்டுரைகளைச் சும்மா கொடுத்த 'சை-ஹப்' தளத்தின் மீது எல்சேவியர், வைலி உள்ளிட்ட பதிப்பகங்கள் 2020 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. 2025 ஆகஸ்ட்டில் அதை முடக்க உத்தரவு வந்தது.

மத்திய அரசு வேறு வழியில் போனது. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பரில் ஒப்புதல் கொடுத்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு. நல்ல விஷயம்தான். ஆனால் இது அரசு நடத்தும் உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு மட்டும். தனியார் கல்லூரி மாணவிக்கும், தன் வயலில் வந்த பூச்சியைப் பற்றித் தேடுகிற விவசாயிக்கும் அந்தக் கதவு திறக்காது. பொதுப் பணம்தான், ஆனால் பொதுமக்கள் கணக்கில் இல்லை.

கதவுக்கு முன்னால் பாதை வேண்டும். அதிலும் லாபக் கணக்கு இருக்கிறது. இதே மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலை. அங்குள்ள மக்களின் அடிப்படை வசதிகள் குறித்து 2024ல் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது நினைவிருக்கலாம். ஆள் குறைவு, மேடு பள்ளம் அதிகம் என்றால் எந்த கம்பெனிக்கும் டவர் போடுவது நஷ்டக் கணக்குதான். இந்த இடைவெளிக்காகவே தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருமானத்திலிருந்து 5 சதவீதம் பிடித்து ஒரு நிதி வைத்திருக்கிறது அரசு. இப்போது அதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி. நாடு முழுக்க 4ஜி எட்டாத 24,680 கிராமங்களுக்காக 2022ல் 26,316 கோடி ரூபாய் திட்டமும் வந்தது.

சரி, இலவச ஆப் எப்படி சம்பாதிக்கிறது?

விளம்பரத்தில்தான். இதில் என்ன புதுசு, பேப்பரிலும் டிவியிலும் விளம்பரம் வருதே என்று கேட்கலாம். வித்தியாசம் இருக்கிறது. பேப்பரில் எல்லாருக்கும் ஒரே விளம்பரம். போனில் உங்களுக்கென்று ஒரு ஏலம் நடக்கிறது.

நீங்கள் ஒரு பக்கத்தைத் திறந்ததும், அங்கே காலியாக இருக்கும் விளம்பர இடம் பல கம்பெனிகளுக்கு ஒரே நேரத்தில் ஏலம் விடப்படும். ஏலம் கேட்பவருக்கு உதவியாக சில தகவல்கள் போகும்: என்ன போன், ஏறக்குறைய எந்த ஊர், எந்தப் பக்கத்தைப் படிக்கிறார், அவருடைய போனின் விளம்பர அடையாள எண் என்ன. அதிக விலை கேட்டவரின் விளம்பரம் வரும். எல்லாம் ஒரு நொடிக்குள். தோற்றவர்களின் கைக்கும் அந்தத் தகவல் போய்ச் சேர்ந்திருக்கும் என்பதுதான் இதில் யோசிக்க வேண்டிய இடம்.

இந்தத் தொழில் எவ்வளவு பெரியது? பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றையும் வைத்திருக்கும் மெட்டா நிறுவனத்தின் 2024 வருமானம் சுமார் 16,450 கோடி டாலர். அதில் ஒவ்வொரு 100 டாலரிலும் 97 டாலருக்கு மேல் விளம்பரத்திலிருந்து வந்தது. கூகுளின் தாய் நிறுவனமான ஆல்பபெட்டுக்கு முக்கால் பங்கு.

சாமி ஆப்பில் என்ன ரகசியம் இருக்கப்போகிறது?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பேங்க் ஆப் என்றால் உஷாராக இருப்போம். பக்திப் பாட்டு ஆப் என்றால் கேட்டதெல்லாம் கொடுத்துவிடுவோம்.

ஆனால் ஒருவர் எந்தப் பதிகத்தைத் தேடுகிறார் என்பது சாதாரணத் தகவல் இல்லை. கல்யாணத் தடை நீங்க, குழந்தை பிறக்க, நோய் தீர என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிகத்தைச் சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்தத் தேடல், வீட்டில் இருக்கும் கவலையை அப்படியே எழுதிக் காட்டிவிடும். ஜோசியக்காரரிடம் சொன்னால்கூட அது அவரோடு போகும். இங்கே அது ஒரு அடையாள எண்ணோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்த வாரம் கருத்தரிப்பு மையத்தின் விளம்பரமோ, நகைக் கடன் விளம்பரமோ வந்தால் தற்செயல் என்று நினைப்போம்.

மதம் சார்ந்த ஆப்பில் நடந்த ஒரு சம்பவம் 2020 நவம்பரில் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. கோடிக்கணக்கானோர் தொழுகை நேரம் பார்க்கப் பயன்படுத்தும் 'முஸ்லிம் ப்ரோ' ஆப்பின் பயனாளர் இருப்பிடத் தகவல், 'எக்ஸ்-மோட்' என்ற இடைத்தரகு நிறுவனத்துக்குப் போனதாகவும், அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க ராணுவ ஒப்பந்ததாரர்கள் இருந்ததாகவும் 'மதர்போர்டு' செய்தித்தளம் வெளியிட்டது. செய்தி வந்ததும் அந்த ஆப் தரகு நிறுவனத்துடனான உறவை முறித்துக்கொண்டது. 2024 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம், வழிபாட்டுத் தலம், மருத்துவமனை போன்ற இடங்களுக்கு யார் போகிறார் என்று காட்டும் தகவலை எக்ஸ்-மோட் விற்கத் தடை போட்டது. தொழுகைக்கு நேரம் பார்த்தவர்கள் யாரும் இதற்காக 'ஏற்கிறேன்' தட்டியிருக்க மாட்டார்கள்.

'வேண்டாம்' என்ற பட்டனின் விலை 1,000 கோடி டாலர்

நம்ம ஒரு ஆள் அனுமதிக்கு என்ன மதிப்பு இருக்கப்போகுது என்று தோன்றலாம். அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2021 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம் ஐபோனில் ஒரு மாற்றம் கொண்டுவந்தது. வேறு ஆப்களிலும் தளங்களிலும் உங்களைப் பின்தொடரலாமா என்று ஒவ்வொரு ஆப்பும் நேரடியாகக் கேட்க வேண்டும். கேட்டதும் ஏராளமானோர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். 2022ல் இதனால் தங்களுக்கு சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் குறையும் என்று மெட்டாவே சொன்னது. (ஆப்பிளும் விளம்பரத் தொழில் செய்யும் நிறுவனம்தான். போட்டியாளரின் வயிற்றில் அடித்ததை முழுக்கத் தர்மம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.)

இந்தியாவில் வாட்ஸ்அப்புக்கு என்ன நடந்தது?

2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் விதிமுறையை மாற்றியது. மெட்டாவின் மற்ற நிறுவனங்களுடன் தகவலைப் பகிர்வதற்குச் சம்மதிக்க வேண்டும், இல்லாவிட்டால் தொடர்ந்து பயன்படுத்துவது சிக்கல் என்ற நிலை. கூட்டுறவு சங்கத் தகவல் முதல் பள்ளி வீட்டுப்பாடம் வரை அதில்தான் வருகிறது என்றால், வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்?

இந்தியப் போட்டி ஆணையமும் கிட்டத்தட்ட இதைத்தான் கேட்டது. சந்தையில் தனக்கிருக்கும் பலத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாக 2024 நவம்பரில் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விளம்பரத்துக்காகத் தகவலைப் பகிர 5 ஆண்டு தடையும் போட்டது. 2025 நவம்பரில் தேசிய கம்பெனி சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது. 5 ஆண்டு தடையை மட்டும் நீக்கியது.

வருமானம் எவ்வளவு, அபராதம் எவ்வளவு என்று மேலே உள்ள எண்களை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

கடன் ஆப் விஷயத்தில் விதி கொஞ்சம் கறாராக வந்தது. தவணை தவறினால் போனில் இருக்கும் உறவினர், நண்பர் எண்களுக்கெல்லாம் அழைத்து அவமானப்படுத்தும் புகார்கள் குவிந்த பிறகு, 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி ஒரு உத்தரவு போட்டது. அதன் கட்டுப்பாட்டில் வரும் நிறுவனங்களின் கடன் ஆப்கள், தொடர்பு எண் பட்டியல், போட்டோ, அழைப்பு விவரம் எதையும் தொடக் கூடாது. இங்கே 'ஏற்கிறேன்' தட்டினாரா என்ற கேள்வியே இல்லை. எடுக்காதே, அவ்வளவுதான்.

புதிய சட்டம் தமிழில் கேட்கச் சொல்கிறது

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24ல் தீர்ப்பளித்தது. ஆறு ஆண்டு கழித்து, 2023ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. விதிகளில் சொன்ன கால அவகாசப்படி, நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் 18 மாதத்துக்குப் பிறகு, அதாவது 2027 மே வாக்கில் அமலுக்கு வர வேண்டும்.

இதில் திருநாவலூர்க்காரருக்கு நேரடியாக உதவக்கூடிய ஒரு பிரிவு இருக்கிறது. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வசதி தரப்பட வேண்டும். தமிழ் அதில் ஒன்று. என்ன தகவல் எடுக்கிறோம், எதற்கு எடுக்கிறோம் என்று தெளிவான, எளிய மொழியில் சொல்ல வேண்டும். ஒப்புதல் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். தகவலை அழிக்கச் சொல்லிக் கேட்கவும் உரிமை உண்டு. 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களைப் பின்தொடர்ந்து, குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது. மீறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

ஓட்டைகளும் இருக்கின்றன. சட்டம் வருவதற்கு முன்பே நீங்கள் ஒப்புதல் கொடுத்திருந்தால், நிறுவனம் ஒரு அறிவிப்பு அனுப்பிவிட்டு, நீங்களாக வேண்டாம் என்று சொல்லும்வரை அந்தத் தகவலைப் பயன்படுத்தலாம். தாத்தா கையெழுத்துப் போட்ட ஓலை ஞாபகம் வருகிறதா? அடுத்து, மத நம்பிக்கை, உடல்நலம் போன்றவற்றுக்கு 2019 மசோதாவில் இருந்த தனிப் பாதுகாப்பு இந்தச் சட்டத்தில் இல்லை. ஷூ அளவும் நோய் விவரமும் ஒரே வகைத் தகவல்தான். அரசு அமைப்புகளுக்கு விலக்கு கொடுக்கும் அதிகாரமும் மத்திய அரசிடம் இருக்கிறது. புகாரை விசாரிக்கும் வாரியத்தின் உறுப்பினர்களை நியமிப்பதும் மத்திய அரசுதான்.

2027 வரை காத்திருக்காமல் செய்யக்கூடியது

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் பிரைவசி அல்லது கூகுள் பகுதியில் 'ஆட்ஸ்' என்று இருக்கும். அங்கே விளம்பர அடையாள எண்ணை அழித்துவிடலாம். அதே செட்டிங்ஸில் எந்தெந்த ஆப்புக்கு இருப்பிட அனுமதி இருக்கிறது என்ற பட்டியலையும் பாருங்கள். பாட்டுப் படிக்கிற ஆப்புக்கு நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று தெரிய வேண்டிய அவசியம் இல்லை. ஆப்பை அழிப்பதற்கு முன்பு, அதில் கணக்குத் தொடங்கியிருந்தால் முதலில் அந்தக் கணக்கை நீக்கக் கோருங்கள். ஐகானை மட்டும் அழித்தால் சுந்தரர் நகலைக் கிழித்த கதைதான்.

பதிகம் மட்டும் போதும் என்பவர்களுக்கு மதுரைத் திட்டத்தின் பக்கம் இன்றும் அப்படியே இருக்கிறது. ஏழாம் திருமுறை அதில் உண்டு. பெயர் கேட்காது, போன் நம்பர் கேட்காது. கோப்பை இறக்கிக்கொண்டு யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். அவர்கள் வைத்திருக்கும் ஒரே நிபந்தனை, இதை உழைத்துத் தயாரித்தவர்களின் பெயர் இருக்கும் முகப்புப் பக்கத்தை மட்டும் நீக்கிவிடக் கூடாது.